அடைப்புக்குறிக்குள் செத்துப்போன மாமா

யாராவது என்னைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்தால், முதலில் என் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பேன். இது எனக்குக் கூடப் பிறந்த குணம். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் ஜன்னலை மூடினால், குளிருக்காக மூடுகிறார் என்று எனக்குத் தோன்றாது. வெளியே யாருக்கோ சைகை காட்டிவிட்டு மூடுகிறார் என்றுதான் தோன்றும். (கொட்டகலைக் குளிரில் ஜன்னலை மூடாதவன்தான் சந்தேகத்துக்குரியவன் என்பது பிறகுதான் உறைக்கும்.)

இப்படிப்பட்ட ஒருவன் கையில் கணினியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இன்றுவரை நான் ஒருவன்தான் உதாரணம். ஒரு கோப்புக்குக் காவல் இருக்கப்போய், நன்றாக நடமாடிக்கொண்டிருந்த என் தாய்மாமனைக் கொன்றுவிட்டேன். அதுவும் அவருடைய மகள் கல்யாணத்துக்கு முதல் நாள்.

மாரிமுத்து மாமா என் அம்மாவின் அண்ணன். தோட்டத்து லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் சாதாரணமாகப் பேசினாலே எதிர்மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். யார் வீட்டில் இழவு என்றாலும் கூடாரம், நாற்காலி, வெள்ளைக்கொடி, வருகிறவர்களுக்குப் பிளேன்டீ எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. செய்தி சொல்வதற்கு மட்டும் இன்னமும் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆள் மேல் டிவிசனுக்கு ஏறிப்போய்ச் சேர்வதற்குள் பல தடவை அடக்கமே முடிந்துவிடும்.

நான் அப்போதுதான் ஹட்டனில் கணினிப் படிப்பு முடித்துவிட்டு, கொட்டகலைக் கடைவீதியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் இருந்தேன். மாமா ஒரு நாள் கடை வாசலில் நின்று கூப்பிட்டார். கடைவீதி முழுக்கக் கேட்டது.

"மருமகனே, நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே. ஒரே அமுக்கு. எல்லா வீட்டு போனுக்கும் சேதி போயிரணும். செய்ய முடியுமா முடியாதா?"

"முடியும் மாமா."

"சாவு சேதி மட்டுமில்ல. கூட்டம், சிரமதானம், கல்யாணம் எல்லாத்துக்கும் சேர்த்துச் செய்யி. சும்மா சாவுக்கு மட்டும் வாங்குனா எவனும் போனை எடுத்துப் பாக்க மாட்டான்."

செய்தேன். நிரல் சின்னதுதான். என் பெருமையெல்லாம் அதற்கு நான் எழுதிய எக்ஸ்எம்எல் கோப்பில் இருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நிரல் என்பது வேலை செய்கிற ஆள். காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் போடுகிற பெரட்டுக்களத்தில் இன்ன மலைக்குப் போ, இன்ன வேலையைப் பார் என்று அந்த ஆளுக்குச் சொல்வார்கள் இல்லையா, அதுதான் இந்தக் கோப்பு. ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு பெயர் வைத்து, கூரான அடைப்புக்குறிக்குள் எழுதித் திறக்க வேண்டும். சொல்லி முடித்ததும் அதே பெயரை மறுபடி எழுதி மூட வேண்டும். ஒன்றைத் திறந்துவிட்டு மூட மறந்தால் போதும், மொத்தக் கோப்பும் சண்டி மாடு மாதிரிப் படுத்துவிடும்.

நான் பெயர்களையெல்லாம் தமிழிலேயே வைத்தேன். <கூட்டம்>, <சிரமதானம்>, <திருமணம்>, <மரணம்>. மலையகத்தில் இப்படி எழுதிய முதல் ஆள் நான்தான் என்று எனக்கு நானே ஒரு விழா எடுத்துக்கொண்டேன். கோப்பில் எந்தச் செய்தி முதலில் இருக்கிறதோ அதைத்தான் நிரல் அனுப்பும். அதனால் வேண்டியதை மேலே தூக்கி வைத்துவிட்டால் போதும். நாள், நேரம், இடம், கடைசியில் வருகிற அழைப்பு வாசகம் இவையெல்லாம் எல்லாச் செய்திக்கும் பொதுவாகக் கீழே ஓரிடத்தில் இருக்கும். இதற்கு நடுவில், நிரல் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிற, மனிதன் மட்டுமே படிக்கிற குறிப்புகளும் எழுதலாம். நான் எழுதியிருந்த முதல் குறிப்பு: "இது குமரேசன் எழுதியது. யாரும் தொட வேண்டாம்."

அந்த லெப்டொப் மாமா வீட்டு முன்னறையில் இருந்தது. சங்கத்து அலுவலகம் என்று தனியாக ஒன்று கிடையாது, மாமாவின் முன்னறைதான் அலுவலகம். அங்கேதான் எனக்குத் தலைவலியும் வந்து உட்கார்ந்தது. அதன் பெயர் தவசீலன்.

தவம் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். சொந்த ஊர் கொத்மலைப் பக்கம். ஹட்டனில் போன் திருத்தும் கடையில் வேலை. மாமாவின் மகள் சுதாவுக்கு அவனைத்தான் பேசி முடித்திருந்தார்கள். சுதா எனக்கு முறைப்பெண். அதனால் எனக்கு அவன்மேல் பொறாமை என்று ஊரில் சிலர் நினைத்தார்கள். சத்தியமாக இல்லை. (சுதாவுக்கும் எனக்கும் சின்ன வயதிலிருந்தே ஆகாது. ஒரு தடவை என் காலைக் கடித்திருக்கிறாள். தழும்பு இருக்கிறது.) எனக்கு அவன்மேல் இருந்தது சந்தேகம் மட்டும்தான். அவன் எப்போதும் சிரித்த முகம். யார் என்ன சொன்னாலும் சிரிப்பான். படிப்பில் என்னைவிட நல்ல புள்ளி எடுத்தபோதும் என்னைப் பார்த்து அப்படித்தான் சிரித்தான். உள்ளே ஒன்றுமில்லாமல் ஒரு மனிதன் ஏன் அவ்வளவு சிரிக்க வேண்டும்?

முதல் தடவை அந்தக் கோப்பைப் பார்த்ததும், என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னான்.

"மச்சான், தமிழ்லயே வச்சிருக்க. அழகா இருக்கு. எனக்கும் ஒரு நாளைக்குச் சொல்லித் தா."

சொல்லித் தா! பரீட்சையில் முதலாவதாக வந்தவன் என்னிடம் சொல்லித் தரச்சொல்லிக் கேட்கிறான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இவன் என் கோப்பைக் களவெடுத்து ஹட்டனில் வேறு சங்கத்துக்கு விற்கப்போகிறான்.

அதற்குப் பிறகு ஆதாரங்கள் வரிசையாக வந்தன. அடுத்த முறை கோப்பைத் திறந்தபோது, நான் பார்த்துப் பார்த்து உள்ளே தள்ளி உள்ளே தள்ளி எழுதியிருந்த வரிகளெல்லாம் ஒழுங்கு கலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சரிசெய்தேன். மறுபடி கலைந்தது. பிறகு ஒரு நாள் கோப்பு திறக்கவே மாட்டேன் என்றது. தேடித் தேடிப் பார்த்ததில், உறுப்பினர் பெயர்களில் 'ராமையா & சன்ஸ்' என்று ஒரு கடை. அந்த வளைந்த '&' குறியை அப்படியே எழுதினால் எக்ஸ்எம்எல்லுக்கு ஆகாது, மொத்தமும் முடங்கிவிடும். அதை எழுதியது நான்தான். ஆனால் அந்தக் கடையின் பெயரை எனக்குச் சொன்னது யார்? தவம்!

எல்லாவற்றுக்கும் மேலாக, "யாரும் தொட வேண்டாம்" என்ற என் குறிப்பே காணாமல் போயிருந்தது. வேறு ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை. அந்தக் குறிப்பு மட்டும் இல்லை.

நான் அம்மாவிடம் சொன்னேன். "யாரோ வந்து தொறந்து பாத்திருக்காங்கம்மா. என் பேர மட்டும் அழிச்சிருக்காங்க."

"எலியா இருக்கும்" என்றார் அம்மா, ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி.

எலி எக்ஸ்எம்எல் படிக்காது என்பதை அம்மாவுக்கு விளக்குவதில் பயனில்லை. நானே கள்ளனைப் பிடிப்பது என்று இறங்கினேன். பொறி வைக்க வேண்டும். தவம் கோப்பைத் திறந்தால் அவன் முகமே அவனைக் காட்டிக்கொடுக்கும்படி ஏதாவது உள்ளே இருக்க வேண்டும். என்ன எழுதினால் அவன் சிரிப்பு நிற்கும்? யோசித்தேன். வருங்கால மாமனார் செத்துவிட்டார் என்று பார்த்தால் சிரிக்க முடியாது அல்லவா?

இந்த யோசனை தோன்றியபோது நான் எழுந்து அறைக்குள் ஒரு நடை நடந்தேன். அவ்வளவு பெருமை.

முதலில் பாதுகாப்பாகத்தான் செய்தேன். நிரல் படிக்காத குறிப்பாக, "தலைவர் மாரிமுத்து காலமானார்" என்று மட்டும் எழுதி வைத்தேன். மறுநாள் மாலை போய்ப் பார்த்தால் குறிப்பு இல்லை. அழித்திருக்கிறான்! கல்யாண வேலையாக வந்து முற்றத்தில் நின்ற தவத்திடம் போய், அவன் கண்ணையே பார்த்துக் கேட்டேன்.

"மாமா எப்படி இருக்காரு?"

"நல்லாத்தான் இருக்காரு மச்சான். ஏன், ஒடம்புக்கு முடியலையா?" என்றான். முகம் கொஞ்சம் மாறியது. மாறியதாகத்தான் எனக்குப் பட்டது.

குறிப்பாக எழுதினால் அழித்துவிடுகிறான். சரி, அவன் அழிக்கப் பயப்படுகிற மாதிரி எழுதுவோம் என்று, இந்த முறை <மரணம்> என்ற பகுதிக்குள்ளேயே, நிஜச் செய்தியாக, முறையான வாசகத்தில் எழுதினேன். அரைகுறையாக எழுதினால் கள்ளன் நம்பமாட்டான். திறந்தவுடன் கண்ணில் படுவதற்காக அதைத் தூக்கிக் கோப்பின் உச்சியில் வைத்தேன். சாயங்காலம் வந்து கீழே இறக்கிவிடலாம் என்று நினைத்தேன். உச்சியில் இருப்பதைத்தான் நிரல் அனுப்பும் என்ற விதியை எழுதியவன் நான். அந்த நேரத்தில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை. சந்தேகம் தலைக்கேறினால் மூளைக்கு அங்கே இடமிருக்காது போல.

அது கல்யாணத்துக்கு முதல் நாள் காலை. கல்யாண நினைவூட்டலை அன்று பின்னேரம் தோட்டத்துக்கும் வெளியூர்ச் சொந்தங்களுக்கும் அனுப்புவதாக இருந்தது. நாள், நேரம், மண்டபம், அழைப்பு வாசகம் எல்லாம் கீழே தயாராக இருந்தன. நான் ஹட்டனுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் கோட்டு தையல் கடையில் இருந்தது, அவனோடு துணைக்குப் போகச்சொல்லி மாமாவின் உத்தரவு. கள்ளனைக் கண்ணெதிரே வைத்திருக்க இதைவிட நல்ல வாய்ப்பு ஏது என்று சந்தோஷமாகவே போனேன். போகும்போது மாமா கேட்டார்.

"அந்தச் சேதி அனுப்புறதுக்கு நீ வரணுமாடா?"

"தேவையில்ல மாமா. எல்லாம் ரெடி. பச்சை பட்டன கண்ண மூடிக்கிட்டு அமுக்கலாம்." (வாய் இருக்கிறதே, வாய்.)

கோட்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். கொட்டகலை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தவத்தின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். பிறகு கோட்டுப் பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தான். போனை என் பக்கம் திருப்பினான்.

"எமது சங்கத்தின் தலைவர் திரு. மாரிமுத்து அவர்கள் காலமானார் என்பதை ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருகிறோம். நாளை காலை ஒன்பது மணிக்கு, கொட்டகலை மண்டபத்தில். தங்கள் குடும்பத்தோடு வருகை தந்து விழாவைச் சிறப்பிக்குமாறு அன்புடன் அழைக்கிறோம்."

என் வாசகம். ஒரு எழுத்து மாறாமல் என் வாசகம். நல்ல மனிதனாக இருந்தால் அந்த நொடியில் மாமா என்று அலறியிருப்பான். நான் எழுந்து நின்று, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"மாட்டுனியா! இத நீ எங்கருந்து எடுத்த? ஃபைலத் தொறந்தது நீதானே?"

தவம் கண்ணீரோடு நிமிர்ந்தான். "மச்சான்... மாமா செத்துட்டாருடா."

"அவரு சாகல! அது நான் எழுதுனது!"

முன்சீட்டில் இருந்த ஒரு அம்மா மெதுவாகத் திரும்பினார். "ஏன் தம்பி, அழுற புள்ளய இப்படியா மெரட்டுறது? செத்தவரு உங்க சொந்தமா?"

"என் தாய்மாமாங்க."

"தாய்மாமனா!" என்று அவர் நெஞ்சில் கைவைத்தார். பக்கத்தில் இருந்தவரிடம், "மாமன் செத்துட்டாராம், சண்ட போடுறான் பாரு" என்று சொன்னது எனக்கும் கேட்டது, எல்லோருக்கும் கேட்டது. கண்டக்டர் வந்து தவத்தின் தோளைத் தட்டிக்கொடுத்தார், என்னைத் தள்ளி நிற்கச்சொன்னார். அதே சமயத்தில் என் போனும் அடித்தது. எனக்கும் அதே செய்தி வந்திருந்தது. அப்போதுதான் மெல்ல மெல்ல எனக்குள் ஏதோ திறந்து, மூடாமல் நின்றது. பச்சை பட்டன். கோப்பின் உச்சியில் நான் வைத்த மரணம். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கலாம்.

மாமா தன் சாவுச் செய்தியைத் தன் விரலாலேயே தோட்டம் முழுக்க அனுப்பியிருக்கிறார்.

நாங்கள் இறங்கி ஓடியபோது லயத்து வரிசை வீடுகளின் பாதையில் வெள்ளைக்கொடிகள் பறக்க ஆரம்பித்திருந்தன. (சங்கத்தின் வேகம் அப்படி. மாமா பழக்கிவைத்தது.) கல்யாணப் பந்தலில் பாதி வாழைமரங்களை அவிழ்த்திருந்தார்கள். தப்பு மேளம் அடிக்கிறவர்கள் வாசலில் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மேல் டிவிசனிலிருந்து பெண்கள் ஒப்பாரி வைத்தபடியே இறங்கி வந்தார்கள். நடுமுற்றத்தில், இடுப்பில் சாரமும் மேலே பனியனுமாக, மாரிமுத்து மாமா நின்றுகொண்டிருந்தார். காதில் போன்.

"நான்தான் பேசுறேன்! மாரிமுத்துதான் பேசுறேன்! ஹலோ? ஹலோ?" போனை இறக்கி அத்தையிடம் சொன்னார். "கத்திட்டு வச்சிட்டான்."

பிறகு என்னைப் பார்த்தார். அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். அதனால்தான் எனக்குக் காய்ச்சலே வந்தது.

"மருமகனே. நான் எப்படா செத்தேன்?"

"அது... அடைப்புக்குறிக்குள்ள மாமா. வெளிய இல்ல."

"என்னது?"

"ஒரு பொறி வச்சேன் மாமா. கள்ளனப் புடிக்க."

"எந்தக் கள்ளன்?"

நான் தவத்தைப் பார்த்தேன். முற்றத்தில் இருந்த எல்லோரும் தவத்தைப் பார்த்தார்கள். அழுது சிவந்த கண்ணோடு, கோட்டுப் பையைக் கட்டிப் பிடித்தபடி, மாமனார் உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷத்தில் இன்னும் விக்கிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தால் உலகத்திலேயே கள்ளன் என்று சொல்ல முடியாத ஒரே ஆள் அவன்தான் என்று தெரியும். அதன்பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். "சுதாவத் தனக்குக் கட்டிக் குடுக்கலன்னு செஞ்சிருக்கான்."

அது தீப்பிடித்த மாதிரிப் பரவியது. வீட்டில் சாவு என்றால் கல்யாணம் நின்றுபோகும், அதற்குத்தான் சாவை வரவழைத்திருக்கிறான். கேட்கக் கேட்க எனக்கே நியாயமாகத்தான் பட்டது. வேறு யாராவது இதைச் செய்திருந்தால் நானே அப்படித்தான் சந்தேகப்பட்டிருப்பேன். என் அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போய்க் கேட்டார்.

"உண்மையச் சொல்லு. சுதாவ நெனச்சுக்கிட்டிருந்தியா?"

"அம்மா, என் காலக் கடிச்சவம்மா அவ!"

சுதா கல்யாண மருதாணி காயாத கையை விரித்தபடி வாசலுக்கு வந்துவிட்டாள். "ஏன் மச்சான்?" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். சந்தேகம் என்பது எவ்வளவு கனமானது என்று, அது என்மேல் விழுந்தபோதுதான் தெரிந்தது.

தவம்தான் பேசினான். லெப்டொப்பை முன்னறையிலிருந்து தூக்கிவந்து பந்தலில் ஒரு நாற்காலியில் வைத்தான். கோப்பைத் திறந்தான். (எனக்கு அப்போதும், இவ்வளவு சீக்கிரமாக எப்படித் திறந்தான் என்று ஒரு கணம் தோன்றியது. குணம் விடுமா?) கண்ணை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு குறிப்பு எழுதினான்: "சோதனை." சேமித்தான். நிரலை ஒரு தடவை திறந்து மூடினான். மறுபடி கோப்பைத் திறந்தான். குறிப்பு இல்லை. வரிகளெல்லாம் ஒட்டிக் கிடந்தன.

"மச்சான், நீ எழுதுன புரோகிராம் மூடுறப்ப எல்லாம் இந்த ஃபைலத் தன் பாட்டுக்குத் திருப்பி எழுதுது. இடைவெளியும் குறிப்பும் அதுக்குத் தேவையில்ல, தூக்கிப் போட்டுருது. வேற எந்தக் கள்ளனும் இல்லடா."

பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "இவன் பொறாமையில செஞ்சிருப்பான்னு நெனைக்காதீங்க. கல்யாணத்த நிறுத்துறதுக்குத் திட்டம் போடுற அளவுக்கு இவனுக்கு அறிவு கெடையாது. நான் கூடப் படிச்சவன், எனக்குத் தெரியும்."

என் வாழ்க்கையில் எனக்காக யாரும் அவ்வளவு உருக்கமாகப் பேசியதில்லை. நான் தலையை ஆட்டி அதை ஆமோதித்தேன். கூட்டமும் ஆமோதித்தது. கொஞ்சம் தாராளமாகவே ஆமோதித்தது.

ஆனால் அதோடு முடியவில்லை. "தலைவர் நலமாக இருக்கிறார், கல்யாணம் நடக்கும்" என்று மறுசெய்தி அனுப்ப வேண்டும். நான் லெப்டொப் பக்கம் கையை நீட்டியதும் அத்தை, "அவன் கைய எடுக்கச் சொல்லுங்க!" என்று அலறினார். தவம்தான் அனுப்பினான். அனுப்பியதும் கொத்மலையிலிருந்து அவனுடைய அத்தை போன் பண்ணினார். தாயில்லாத தவத்தை வளர்த்தவர் அவர். போன் ஒலிபெருக்கியில் இருந்தது.

"பொணத்த மறைச்சு வச்சுட்டுத் தாலி கட்டப் பாக்குறீங்களா? மொதல்ல செத்தாருன்னீங்க, இப்ப சாகலங்குறீங்க!"

"சம்பந்தி, நான்தான் பேசுறேன்!" என்றார் மாமா.

"கொரலுதானே? அது யாரு வேணும்னாலும் மாத்தலாம். உங்க வீட்டுலதான் ஒரு கம்ப்யூட்டர்காரன் இருக்கானாமே!"

வீடியோ அழைப்பு போட்டோம். மாமா போனுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்று, "பாருங்க, நல்லாப் பாருங்க" என்றார். மலைக்காற்றுக்கு சிக்னல் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மாமா பேச வாயைத் திறந்து, கண்ணை மூடிய அந்தக் கணத்தில் படம் உறைந்துவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து தவத்தின் அத்தையின் அலறல் மட்டும் வந்தது.

"அசையவே இல்லையே! நாற்காலியில கட்டி வச்சிருக்காங்க!"

அதற்குமேல் ஒரே வழிதான் இருந்தது. மாமாவை நேரில் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் சின்ன லொறியில், பின்பக்கம் நாற்காலி போட்டு, வேட்டி சட்டையோடு மாமாவை உட்காரவைத்தோம். யாரோ சாவுக்கு வாங்கிவந்த மாலை வீணாகக் கூடாது என்று அதையும் கழுத்தில் போட்டுவிட்டார்கள்.

"டேய், மாலையக் கழட்டுங்கடா! அப்படியே பொணமாட்டம் இருக்கேன்!" என்று மாமா கத்தினார். யாரும் கேட்கவில்லை. லொறி ஒவ்வொரு டிவிசனாகப் போனது. மாமா தன் வெள்ளைக்கொடிகளுக்கு நடுவே, தேர்தலில் நிற்கிறவரைப் போலக் கையை ஆட்டிக்கொண்டே போனார். ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தவர்கள் பாதியில் நிறுத்தி, பிறகு சிரித்து, பிறகு அழுதார்கள். நான் பின்னால் நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் உயிரோடிருப்பதற்கு நான்தான் சாட்சி என்ற மாதிரி.

கொத்மலையில் தவத்தின் அத்தை வாசலுக்கு வந்தார். லொறியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். மாமாவின் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். பிறகு எக்கி, முழங்கைக்குக் கீழே சதையைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினார். மாமா போட்ட சத்தம் எதிரே இருந்த கொத்மலை நீர்த்தேக்கத்தின் அந்தக் கரையில் மோதித் திரும்பி வந்தது.

"ம், இது அவருதான்" என்றார் அவர். "பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க."

மறுநாள் கல்யாணம் நடந்தது. என்னை மண்டபத்தில் எந்த இயந்திரத்துக்கும் பக்கத்தில் விடவில்லை, ஒலிவாங்கிக்கு அருகேகூட. முகூர்த்த நேரத்தில் மட்டும் ஒரு சின்னச் சிக்கல். ராகலையிலிருந்து என் பெரியம்மா வந்து சேர்ந்தார். அவருக்கு முதல் செய்தி போய்ச் சேர்ந்ததோடு போன் அணைந்துவிட்டது, மறுசெய்தி போகவில்லை. பெரிய மலர்வளையத்தைச் சுமந்துகொண்டு, "அண்ணே!" என்று அலறியபடி மண்டபத்துக்குள் ஓடிவந்தவர், மகளின் கையைப் பிடித்து நிற்கிற அண்ணனைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பிறகு நேராக மேடைக்குப் போய், குடையால் அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

"சாகாதவரு எதுக்குண்ணே மெசேஜ் போட்ட?"

கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. தவம் அதில் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

இப்போது சுதாவின் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். தவம் ஹட்டனில் சொந்தமாகக் கடை வைத்துவிட்டான், நான் எழுதுகிற எந்தக் கோப்பையும் முதலில் அவனிடம்தான் காட்டுகிறேன். மாமா எழுபதைத் தாண்டிவிட்டார். ஒவ்வொரு வருடமும் அவர்களுடைய கல்யாண நாளுக்கு முதல் நாள், கைகால்களை அலம்பிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

"மருமகனே, இன்னைக்கு எனக்குத் திவசம். வடை பாயாசத்தோட இலை போடு."

நான் கல்யாணம் செய்த முதல் வருடம் என் மனைவி இதைக் கேட்டுப் பயந்துபோனாள். இப்போது பழகிவிட்டாள், காலையிலேயே உளுந்தை ஊறவைத்துவிடுகிறாள். சுதாவும் தவமும் குழந்தையோடு வருவார்கள். அம்மா பரிமாறுவார். மாமா இலைமுன் உட்கார்ந்து சோறு, கறி, வடை எல்லாவற்றையும் ருசித்துச் சாப்பிடுவார். கடைசியில் பாயாசக் கிண்ணத்தைக் கையில் எடுப்பார். உதடுவரை கொண்டுபோவார். நிறுத்துவார். என்னைப் பார்ப்பார். கிண்ணத்தை மெல்ல என் பக்கம் நகர்த்துவார்.

"நீ மொதல்ல குடி."

குடிப்பேன். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகும் அவர் மட்டும் கண்ணை இமைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், நான் சாய்கிறேனா என்று.